தள்ளிப்போடும் பழக்கத்துக்கு எந்தச் செயலி நல்லது? ஏற்காட்டிலிருந்து கேட்ட ஒரு மாணவருக்கு

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ் ஏறிச் சேலம் வந்து பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது இரண்டு அரியர் இருக்கிறது. ஃபாரஸ்ட், டூடூயிஸ்ட், நோஷன், ஹாபிட்டிகா என்று நான்கு செயலிகளைப் போட்டுப் பார்த்தீர்கள். எதுவும் பத்து நாளைத் தாண்டவில்லை. இவற்றில் எது சிறந்தது, காசு கட்டி வாங்கினால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் வேறொன்று எழுதியிருக்கிறீர்கள்: "புக்கை எடுத்தாலே கை தானா போனுக்குப் போகுது, நான் சோம்பேறியா?" உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. செயலிகளைப் பற்றியும் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் இந்த வரிக்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் எந்தச் செயலியைப் போட்டாலும் பதினோராவது நாள் அது போனில் சும்மாதான் கிடக்கும்.

நான் உளவியல் படித்தவள். சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக 16 வருடமாக வேலை செய்கிறேன். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் கடைசி வரியையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். வேலை செய்யாமல் இருக்கும்போது நிம்மதியாக இருப்பவரைத்தான் சோம்பேறி என்கிறோம். நீங்கள் ரீல்ஸ் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட நிம்மதியாக இல்லை, அதனால்தான் இதை எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை நீண்ட காலம் ஆராய்ந்த ஃபியூஷா சிரோயிஸ், டிமத்தி பிச்சில் இருவரும் 2013-ல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவது என்பதைவிட, மனசுக்கு ஒவ்வாத ஒரு உணர்ச்சியிலிருந்து அந்த நிமிடத்துக்குத் தப்பிப்பது என்று விளக்கினார்கள். அதற்கு முன்பே 2007-ல் பியர்ஸ் ஸ்டீல் பல நூறு ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதையொட்டியே வந்தது: வேலை பிடிக்காமல் இருப்பது, அதன் பலன் வெகுதூரத்தில் இருப்பது, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை குறைவாக இருப்பது, சட்டென்று கவர்ச்சிக்கு இழுபடும் சுபாவம், இவைதான் தள்ளிப்போடுவதோடு வலுவாகச் சேர்ந்து வருகின்றன. கல்லூரி மாணவர்களில் 80 முதல் 95 சதவீதம் பேர் ஏதோ ஒரு அளவில் இதைச் செய்கிறார்கள் என்ற மதிப்பீடும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய சந்தேகம் கிடையாது. நான் தினமும் பார்ப்பதும் இதையேதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சிவதாபுரம் பக்கத்து மாணவன் ஒருவன். வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கல்லூரி விட்டுப் போய் அப்பாவோடு உட்கார்ந்தால் நாலு மணி நேரம் தலை நிமிராமல் வளையங்களைக் கோத்துப் பற்றவைப்பான். போன் பக்கத்திலேயே கிடக்கும், தொட மாட்டான். அதே பையன் டேட்டா ஸ்ட்ரக்சர் புத்தகத்தைத் திறந்தால் இருபது நிமிடம் தாங்க மாட்டான். அவனும் தன்னைச் சோம்பேறி என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு மூன்று வாரம் பேசிய பிறகு நாங்கள் கண்டுபிடித்தது இது. பட்டறையில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எப்போதும் கைக்கு முன்னால் இருக்கிறது. ஒரு வளையம் முடிந்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. தப்பாகப் போனால் அப்பா உடனே சொல்லிவிடுகிறார். புத்தகத்தில் இந்த மூன்றுமே இல்லை. "யூனிட் 3 படிக்கணும்" என்பது ஒரு வளையம் அளவு வேலை இல்லை, அது ஒரு கிலோ வெள்ளியை மொத்தமாகக் கொண்டுவந்து முன்னால் கொட்டுவது மாதிரி. எங்கே தொடங்குவது என்று தெரியாத அந்த அரை நிமிடத்தில்தான் கை போனுக்குப் போகிறது.

ஆகவே எந்தச் செயலி என்று பார்ப்பதற்கு முன்னால், வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சிலருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதே தலைக்குள் கலைந்து கிடக்கும். அசைன்மென்ட் தேதி, ரெக்கார்டு, இன்டர்னல் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சிலருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், தொடங்கத்தான் முடியாது. இன்னும் சிலர் தொடங்கிவிடுவார்கள், நடுவில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். தனியாக உட்கார்ந்தால் ஓடாது, பக்கத்தில் ஒரு ஆள் படித்தால் ஓடும் என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் போட்ட நான்கு செயலிகளும் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்துக்கானவை. தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் ஒரே நேரத்தில் நாலு மாத்திரை போட்டுவிட்டு எது வேலை செய்தது என்று கேட்பது போல ஆகிவிட்டது.

ஃபாரஸ்ட், நடுவில் இழுபடுகிறவர்களுக்கானது. தைவான் நிறுவனம் ஒன்று 2014-ல் வெளியிட்டது. நேரத்தை வைத்து ஒரு விதை நடுகிறீர்கள், அதற்குள் வேறு செயலிக்குப் போனால் மரம் பட்டுப்போகும். சேர்த்த நாணயங்களைக் கொடுத்தால் ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் நிஜ மரமும் நடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் இலவசமாகவே ஓடும், டைமருக்கு இணையமும் தேவையில்லை; உங்கள் ஊரில் சிக்னல் வந்து போவதால் இது முக்கியம். என் மாணவர்களில் நிறையப் பேருக்கு இது முதல் மாதம் நன்றாக உதவியிருக்கிறது. ஆனால் ஒரு குறை உண்டு. அது நேரத்தை மட்டுமே எண்ணும், வேலையை எண்ணாது. 25 நிமிடம் ஒரே பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மரம் செழிப்பாக வளரும். தொடங்க முடியாதவருக்கு அது ஒரு போலித் திருப்தியைத் தந்துவிடுகிறது. இன்னொரு நடைமுறைச் சிக்கல், நம் கல்லூரிகளில் நோட்ஸ் முழுக்க வாட்ஸ்அப் குரூப்பில் பிடிஎஃப்ஆக வருகிறது. படிப்பதற்கே வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும் என்றால், போனைப் பூட்டுகிற எந்தச் செயலியும் உங்களைப் படிக்கவும் விடாது. விதிவிலக்குப் பட்டியலில் வாட்ஸ்அப்பைச் சேர்த்தால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். காசு கட்டலாமா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கான பதில் இங்கேதான் வருகிறது: அந்தக் காசை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து நோட்ஸைத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியின் கட்டணப் பதிப்பும் இந்தளவு பலன் தந்து நான் பார்த்ததில்லை.

தடுப்பதுதான் தேவை என்றால், உங்கள் போனிலேயே ஏற்கெனவே டிஜிட்டல் வெல்பீயிங் இருக்கிறது. கூகுள் இதை 2018-ல் ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்தது. அதே வருடம் ஐபோனில் ஸ்கிரீன் டைம் வந்தது. செட்டிங்ஸில் போய் இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நிமிடம் என்று வைக்கலாம். நீங்களே வைத்த பூட்டு என்பதால் நீங்களே திறந்துவிடுவீர்கள் என்பது உண்மை. இருந்தாலும் செட்டிங்ஸுக்குள் போய் மாற்ற வேண்டிய அந்தப் பத்து நொடி சிலருக்குப் போதும். லேப்டாப்பில் படிப்பவர்களுக்குக் கோல்டு டர்க்கி என்ற தடுப்புச் செயலி இன்னும் கறாரானது, பூட்டி வைத்தால் நேரம் முடியும்வரை எளிதில் விடாது. உங்களிடம் போன் மட்டும்தான் என்று புரிகிறது, அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

டூடூயிஸ்ட் என்ன செய்வது என்ற குழப்பத்துக்கானது. 2007-லிருந்து இருக்கிறது, நன்றாகச் செய்யப்பட்ட செயலி, இலவசப் பதிப்பில் ஐந்து ப்ராஜெக்ட் வரை வைத்துக்கொள்ளலாம், ஒரு மாணவருக்கு அது தாராளம். ஆனால் தள்ளிப்போடுகிறவர்கள் கையில் அது எப்படி மாறுகிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாள் தவறிய வேலைகள் எல்லாம் சிவப்பில் மேலே வந்து நிற்கும். ஐந்தாவது நாள் பதினாலு சிவப்பு வரி. அதைப் பார்க்கவே பயமாகி, செயலியைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நாளைக்கு மாற்றிவிடுகிறார்கள். தள்ளிப்போடுவதற்கு அவ்வளவு வசதியாக ஒரு பொத்தான் இருப்பது நமக்கு நல்லதில்லை. இந்தக் காரணத்தால் நான் மாணவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் டூ டூவைச் சொல்வேன். முழுக்க இலவசம். அதில் 'இன்றைய நாள்' என்று ஒரு பக்கம் உண்டு, அது ஒவ்வொரு நாளும் காலியாகத் தொடங்கும். நேற்று செய்யாதது பட்டியலில் பத்திரமாக இருக்கும், ஆனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாது. இன்றைக்கு எது என்று நீங்களே மறுபடியும் எடுத்து வைக்க வேண்டும். மூன்றுக்கு மேல் எடுத்து வைக்காதீர்கள்.

பட்டியலில் என்ன எழுதுகிறீர்கள் என்பது எந்தச் செயலியில் எழுதுகிறீர்கள் என்பதைவிடப் பத்து மடங்கு முக்கியம். "ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) படி" என்று எழுதாதீர்கள். "டெட்லாக் வர நாலு நிபந்தனை என்ன, பார்க்காமல் எழுதிப் பார்" என்று எழுதுங்கள். கொலுசின் ஒரு வளையம் அளவு. தொடங்கும் நேரத்தையும் கடிகாரத்தோடு கட்டாமல் ஏற்கெனவே நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்: "சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் நோட்டைத் திறப்பேன்." பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் சோதித்திருக்கிறார். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்தபோது, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டி முடிவு செய்தவர்கள் வெறும் ஆசையோடு நின்றவர்களைவிட நன்றாகவே செய்து முடித்திருந்தார்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஆதாரம் பலமாக இருப்பது இதற்குத்தான், இதற்குச் செயலியே தேவையில்லை.

நோஷனை உங்களுக்கு வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அது கெட்ட கருவி இல்லை. மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டை நாலு பேர் சேர்ந்து செய்யும்போது மிக உதவியாக இருக்கும். ஆனால் அது ஒரு காலி மனை. வீட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஒரு மாணவி ஸ்டடி ஹாலிடேஸ் ஐந்து நாளும் உட்கார்ந்து நோஷனில் டாஷ்போர்டு செய்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம், முடித்த சதவீதம், சின்னச் சின்னப் படங்கள். என்னிடம் காட்டியபோது நிஜமாகவே அழகாக இருந்தது. படித்தது ஒரு யூனிட். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவள் ஐந்து நாளும் படிப்புக்காக உழைத்ததாகவே உணர்ந்தாள். திட்டம் போடுவது வேலை செய்வது போலவே ஒரு உணர்வைத் தரும், பயமும் இருக்காது. தள்ளிப்போடுவதிலேயே கண்டுபிடிக்கக் கஷ்டமான வகை இதுதான். நீங்களும் நான்கு செயலிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் இது கொஞ்சம் நடந்திருக்கலாம், யோசித்துப் பாருங்கள். அதோடு நோஷன் நீண்ட காலம் இணையம் இல்லாமல் ஒழுங்காக ஓடாது. 2025-ல்தான் அந்த வசதி வந்தது. மலையில் இருப்பவருக்கு அது இன்னொரு தடை.

ஹாபிட்டிகா 2013-ல் வந்தது, வேலைகளை விளையாட்டாக மாற்றும். செய்தால் புள்ளி, தினசரி வேலையை விட்டால் உயிர் குறையும். குழுவாக ஆடும்போது ஒருவர் விட்டால் மற்றவர்களுக்கும் அடி விழும். ஹாஸ்டலில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு செமஸ்டர் ஆடினார்கள், எனக்கும் ஆவலாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவர்கள் பட்டியலில் தண்ணீர் குடி, படுக்கையை மடி, துணி துவை என்று நிரம்பிவிட்டது. கணக்குப் பாடம் எங்கேயும் இல்லை. எது கடினம் என்பதை அதில் நாமே குறிக்கிறோம் என்பதால், புள்ளிக்காக ஆடும்போது எளிதானது முன்னால் வந்துவிடுகிறது. சின்ன வேலைகளை ஒழுங்காகச் செய்ய அது உதவும். உங்கள் இரண்டு அரியருக்கு உதவாது.

இப்போது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் படிப்பு ஓடும் என்பவர்களைப் பற்றி. ஃபோகஸ்மேட் என்று ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரோடு வீடியோவில் இணைத்துவிடும், இருவரும் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையை மௌனமாகச் செய்வார்கள். வாரத்துக்கு மூன்று அமர்வு இலவசம். இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் உங்கள் சிக்னலுக்கு வீடியோ ஒத்துவராது, ஆங்கிலத்தில் அந்நியரிடம் பேச வேண்டும் என்பதே இன்னொரு தயக்கமாகிவிடும். அதே காரியத்தை வகுப்பு நண்பர் ஒருவரோடு சாதாரண போன் காலில் செய்யலாம். ஏழரை மணிக்குக் கூப்பிடுங்கள். "நான் இந்த ரெண்டு கேள்வியை எழுதப் போறேன், நீ?" என்று கேட்டுவிட்டு, காலைத் துண்டிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு எழுதுங்கள். எட்டு மணிக்கு ஆளுக்கு ஒரு நிமிடம், என்ன முடிந்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள். அம்மாப்பேட்டையில் ஒரு மாணவரும் ஆத்தூரில் அவர் நண்பரும் இப்படி ஒரு வருடம் செய்து தேர்வானார்கள். பட்டறை அப்பாவின் இடத்தில் அந்த நண்பர். நான் பார்த்தவரை, வருடம் தாண்டியும் நின்ற முறைகள் எல்லாவற்றிலும் இன்னொரு மனிதர் இருந்தார். முடிக்காவிட்டால் பணம் போகும்படி பந்தயம் கட்ட வைக்கும் இணையதளங்களும் உண்டு. பஸ் காசைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற மாணவருக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

இனி, எந்தச் செயலியும் தொடாத ஒரு இடம். நீங்கள் எழுதியதில் போகிற போக்கில் ஒரு வார்த்தை வந்தது, தமிழ் வழி என்று. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பன்னிரண்டு வருடம் தமிழில் யோசித்துப் பழகிய ஒருவர் ஆங்கிலப் பாடநூலைத் திறந்ததும் முதல் பத்தியிலேயே ஆறு வார்த்தை புரியாது. புரியாதபோது வருவது சலிப்பு மட்டும் இல்லை, "நமக்கு இது வராது போல" என்ற ஒரு கூச்சம். கை போனுக்குப் போவது அந்தக் கூச்சத்திலிருந்து தப்பிக்கத்தான். நேரில் பேசாமல் உங்கள் விஷயத்தில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் நிலையில் வந்தவர்களில் மிகப் பலருக்கு மூலகாரணம் இதுவாக இருந்தது. அப்படியானால் தேவைப்படுவது கட்டுப்பாடு இல்லை, புரிதல். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், அதில் ஒரு குறைவும் கிடையாது. டெட்லாக் என்றால் என்ன? ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலே வரும் பஸ்ஸும் கீழே போகும் பஸ்ஸும் எதிரெதிரே நுழைந்துவிட்டன. இது நகர அது இருக்கும் இடம் வேண்டும், அது நகர இது இருக்கும் இடம் வேண்டும். இரண்டும் பின்னால் போகாது, தூக்கி அகற்றவும் ஆள் இல்லை. கணினியில் இரண்டு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு நிரல்கள், அப்படி நிற்பதுதான் டெட்லாக். இருபது வளைவுகளைத் தினம் இரண்டு முறை கடக்கிற உங்களுக்கு இது வகுப்பில் யாரையும்விட நன்றாகப் புரியும். புரிந்தபின் டெட்லாக்கின் நாலு நிபந்தனைகளுக்கான ஆங்கிலச் சொற்களை மனதில் ஏற்றுவது சின்ன வேலை.

அந்த ஏற்றும் வேலைக்கு ஒரு செயலியை முழு மனதோடு சொல்வேன்: அன்கி. 2006-லிருந்து இருக்கிறது, ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு என்ற பெயரில் முழுக்க இலவசம், இணையம் இல்லாமல் ஓடும். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். நீங்கள் மறக்கப்போகும் நேரத்தைக் கணித்து மறுபடி மறுபடி கேட்கும். இடைவெளி விட்டுத் திருப்பிப் படிப்பதும், பார்க்காமல் நினைவுபடுத்திப் பார்ப்பதும் நினைவில் நிற்க உதவும் என்பது ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் தன்னைத்தானே சோதித்து 1885-ல் முடிவுகளை வெளியிட்ட காலத்தில் தொடங்கி இன்றுவரை நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வரி விளக்கம். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைக்கு மேல் செய்யாதீர்கள். இல்லையென்றால் அட்டை செய்வதே இன்னொரு டாஷ்போர்டு ஆகிவிடும். அடுத்தவர் செய்து வைத்த ஆயிரம் அட்டையை இறக்கவும் வேண்டாம்.

பஸ் நேரத்தைப் படிப்புக்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே வளைவுகளில் போனைப் பார்த்துப் படித்தால் தலை சுற்றி வாந்தி வரும், அதை முயலாதீர்கள். கோரிமேடு வரை சமவெளியில் அட்டைகளைப் பார்க்கலாம். அதற்கப்புறம் காது போதும். முந்தின நாள் எழுதிய இரண்டு பதில்களை உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்து வைத்துக் கேளுங்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். களைப்பாக இருந்தால் தூங்குங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். இன்னொன்று, நவம்பர் செமஸ்டர் தேர்வும் காபிப் பழம் பறிக்கிற பருவமும் ஒன்றாக வரும். எஸ்டேட் வேலைக்கு வீட்டோடு போக வேண்டிய மாணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி என்றால், அந்த வாரங்களை ஏற்கெனவே இல்லாதவையாக எண்ணி அக்டோபருக்குள் கணக்குப் போடுங்கள். நம் கணக்கு எப்போதுமே குறைவாகத்தான் வரும்: 1994-ல் வெளியான ஒரு ஆய்வில் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். நீங்கள் போடும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமடோரோ முறை 1980-களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தனக்காக உருவாக்கியது. 25 என்ற எண்ணில் எந்த மந்திரமும் இல்லை. நிரல் எழுதும்போது 25-ல் நிறுத்துவது இடைஞ்சல். பிடிக்காத பாடத்துக்கு 10 நிமிடமே போதும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதும் அப்படியே. லண்டனில் 2010-ல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடு அளவாக 66 நாள் ஆனது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வித்தியாசம். உங்கள் செயலிகள் பத்து நாளில் நின்றதில் ஆச்சரியமே இல்லை. போன் அணைந்து மேசையில் கிடந்தாலே மூளையின் திறன் குறையும் என்று 2017-ல் ஒரு ஆய்வு சொன்னது; பிறகு செய்த சோதனைகளில் எல்லாம் அது அப்படியே வரவில்லை. ஆனாலும் போனை அடுத்த அறையில் வைக்கச் சொல்கிறேன், எடுக்க எழுந்து போக வேண்டும் என்ற எளிய காரணத்துக்காக. செயலிகளைப் பற்றி நான் சொன்ன தரவரிசையும் என் அறையில் உட்கார்ந்து பேசியவர்களை வைத்து வந்தது. செயலி நன்றாக உதவியவர்கள் என் அறைக்கு வந்திருக்கவே மாட்டார்கள், ஆகவே என் கணிப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு அரியரைப் பற்றி நீங்கள் எழுதிய விதத்தில் உங்கள் மேல் உங்களுக்கே நிறையக் கோபம் தெரிகிறது. கனடாவில் 119 முதலாண்டு மாணவர்களை வைத்து 2010-ல் வெளியான ஒரு ஆய்வு: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போட்டது குறைந்திருந்தது. ஒரே ஆய்வு என்பதால் இதைச் சட்டம் போலச் சொல்ல மாட்டேன். ஆனால் தன்னைத் திட்டிக்கொள்கிறவர் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திட்டையும் சேர்த்துக் கேட்கிறார், அதனால் இன்னும் விலகிப் போகிறார் என்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். உங்களிடம் அந்தக் கோபத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் பதிலின் எல்லை எது என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே எந்த வேலையிலும், பிடித்த வேலையில்கூட, கவனம் நிற்காமல் பொருட்களைத் தொலைப்பது, சொன்னதை மறப்பது என்று இருந்திருந்தால், அது கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஆர்வமே இல்லை என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். இவற்றை எழுத்தைப் படித்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, நானும்தான். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்களிடம் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். நோஷன், ஹாபிட்டிகா, டூடூயிஸ்ட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஃபாரஸ்ட் இருக்கட்டும். அன்கிட்ராய்டை இறக்குங்கள். அரியர் இரண்டில் எது கொஞ்சம் புரிகிறதோ அதன் நோட்ஸை மட்டும் ஜெராக்ஸ் எடுங்கள். தினமும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் ஒரே ஒரு கேள்வி, பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போக நினைத்தால், போகும் முன் தாளின் ஓரத்தில் எந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு கோடு போடுங்கள். ஏழு நாள் கழித்து அந்தக் கோடுகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். ஒரே மாதிரி இடத்தில் விழுந்திருந்தால், எது புரியாமல் இருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரிந்துவிடும், அந்த இடத்தைத் தமிழில் விளக்கி அனுப்புகிறேன்.